நோவை யாரிடம் சொல்ல, எவ்வளவு சொல்ல? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவலி, முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, வலிப்பு, குடல் நோய், மனச்சோர்வு என்று ஏதாவது ஒன்றை வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டு நடமாடுகிறவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கம் நிறைய. அவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. முடக்குவாதம், ஊர்ப் பேச்சில் சரவாங்கி, உள்ளவள். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்து அக்கம்பக்கத்தில் பேசிய பேச்சுதான் இதில் பாதி. மருந்து விஷயத்தை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

நாள்பட்ட நோவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மருத்துவக் கணக்கில், 3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிற வலி நாள்பட்ட வலி. வலி இல்லாத நோய்களையும் நான் இதில் சேர்த்துக்கொள்கிறேன், சொல்வதில் உள்ள சங்கடம் ஒன்றுதான் என்பதால். காலை உடைத்துக்கொண்டவர் ஒருமுறை சொன்னால் போதும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து பார்ப்பார்கள், சில வாரத்தில் மாவுக்கட்டைப் பிரிப்பார்கள், கதை முடிந்தது. நம்முடையதற்கு அந்த முடிவு கிடையாது. முதல் மாதம் பார்க்க வந்தவர்கள் மூன்றாம் வருஷம் வரமாட்டார்கள். கேட்கிறவருக்கும் அலுப்பு, சொல்கிறவருக்கும் சடவு.

சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

வேண்டாம். நாம் கல்யாணப் பத்திரிகை வைக்கிற வரிசையிலேயே நோவையும் சொல்லப் பார்க்கிறோம். பெரியப்பாவிடம் சொல்லாமல் சித்தப்பாவிடம் சொன்னால் வருத்தப்படுவார், மாமா வீட்டுக்குத் தெரிந்தால் அத்தை வீட்டுக்கும் தெரிய வேண்டும் என்று. இந்த முறையை விட்டுவிடுங்கள். உங்கள் நோவால் யாருடைய அன்றாடம் மாறுகிறதோ, அவருக்கு விவரம் தெரிந்தாக வேண்டும். மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

இந்த அளவை வைத்துப் பார்த்தால் வரிசையே மாறிவிடும். சென்னையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வருகிற பெரியப்பாவுக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிய வேண்டும். காலையில் விரல் மடங்காமல் நீங்கள் கேட்டைத் திறக்க முடியாதபோது பால் பாக்கெட்டை எடுத்து வைக்கிறவர் அவர்தான். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துகிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோளிலும் கழுத்திலும் வலி இருந்தால் அன்றைய கட்டு குறையும், கூலி குறையும். பக்கத்தில் தட்டை வைத்து உட்கார்ந்திருக்கிற மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, ஏன் குறைகிறது என்று தெரியாவிட்டால், சோம்பல் என்ற பேர் வரும். பேர் வந்தபிறகு விளக்குவது கஷ்டம்.

ஒருத்தரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடுகிறதே?

தெரியத்தான் செய்யும். குழாயடி, கோவில் திண்ணை, டீக்கடை, இப்போது வாட்ஸ்அப். இதைத் தடுக்க முடியும் என்று நினைத்துச் சத்தியம் வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. "யாருகிட்டயும் சொல்லாத" என்று ஆரம்பிக்கிற சேதிதான் முதலில் போகும்.

அதனால் ஊருக்குப் போகிற வாசகத்தை நீங்களே தயார் செய்யுங்கள். ஒரு வரி, அதிகம் போனால் இரண்டு. நோயின் பேர், தொற்றாது என்பது, என்ன செய்ய முடியாது என்பது. "எனக்கு சரவாங்கி இருக்கு. ஒட்டிக்கிற நோய் இல்ல. காலையில ரெண்டு மணி நேரம் கையி வேலை செய்யாது, பெறகு சரியாயிரும்." இந்த வரியை வீட்டில் எல்லாரும் மாற்றாமல் சொல்ல வேண்டும். அம்மா ஒன்று, மாமியார் ஒன்று, நீங்கள் ஒன்று என்று சொன்னால் ஊர் நாலாவதாக ஒன்றை உண்டாக்கும், அதில் செய்வினையும் இருக்கும், பழைய காதலும் இருக்கும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். நல்ல திட்டம். ஆனால் பையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றாலே பக்கத்து வீட்டுக்குச் சேதி போய்விடும். அதற்கு முன்பே உங்கள் வரி போயிருந்தால் நல்லது.

வீட்டுக்குள்ளேயே எவ்வளவு சொல்வது? தினமும் சொன்னால் அலுத்துப்போகிறார்கள், சொல்லாவிட்டால் "ஏன் சொல்லல" என்கிறார்கள்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விரிவாகவே சொல்கிறேன்.

வலி எப்படி இருக்கிறது என்று வர்ணிப்பதைக் குறையுங்கள். குத்துகிறது, கடைகிறது, எரிகிறது என்பதெல்லாம் டாக்டருக்குத் தேவை. நரம்பு வலியா, மூட்டு வலியா என்று பிரிக்க அது அவருக்கு உதவும். வீட்டில் இருப்பவர் அதைக் கேட்டு ஒன்றும் செய்ய முடியாமல் திகைத்துப்போவார். செய்ய வழியில்லாமல் தினமும் கேட்கிறவர்தான் ஒருநாள் எரிந்து விழுகிறார். வலி எதைச் செய்யவிடாமல் ஆக்குகிறது என்று சொல்லுங்கள். "இன்னைக்குத் தேங்கா திருவ முடியாது." "மாடிக்கு ரெண்டு தடவைக்கு மேல ஏற முடியாது." இதைக் கேட்டவுடன் கேட்கிறவருக்கு ஒரு வேலை கிடைக்கிறது, அல்லது சொதி வைக்காமல் ரசத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்ற முடிவாவது கிடைக்கிறது.

அடுத்தது, ஒரு எண். ஆஸ்பத்திரியில் 0 முதல் 10 வரை வலிக்கு மார்க் போடச் சொல்வார்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நினைக்க முடிகிற உச்சம். அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பேப்பரில் தினமும் பாபநாசம் அணை நீர்மட்டம் போடுகிறார்களே, அதுபோல. முழுக்கொள்ளளவு 143 அடி என்று தெரிந்தவனுக்கு அன்றைய அடியைப் பார்த்தாலே பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று விளங்கிவிடும், யாரும் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். காலையில் காபி குடிக்கும்போது "இன்னைக்கு ஆறு" என்று சொன்னால் போதும். ஆறு என்றால் சமையல் உண்டு, துணி துவைப்பது கிடையாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு என்றால் யாரும் விருந்தாளியைக் கூட்டிவரக் கூடாது. எங்கள் வீட்டில் இது வந்தபிறகு "என்ன செய்யுது, என்ன செய்யுது" என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது. குறைந்ததில் எனக்கும் நிம்மதி, கேட்கிறவருக்கும் நிம்மதி.

அப்புறம் புலம்பல். புலம்பவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "இப்ப நான் புலம்பப் போறேன், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கேட்டா போதும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். முக்கியமாக ஆண்களிடம். அவர்கள் ஒரு கஷ்டத்தைக் கேட்டால் உடனே பைக் சாவியைத் தேடுவார்கள்.

எதையெல்லாம் கட்டாயம் சொல்லியே ஆகவேண்டும்?

உயிர் சம்பந்தப்பட்டதை. சரவாங்கிக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது மாத்திரை எடுத்துத் தருகிற மகளுக்கோ மாமியாருக்கோ இது தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கோவிலுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்பதற்காகக்கூட. வலிப்பு இருந்தால், வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று கூட இருப்பவர்களுக்கு முன்பே சொல்லிக்கொடுங்கள்: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, கையில் சாவி கொடுத்து நேரத்தை வீணாக்காமல் எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரம் பார்ப்பது, 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைப்பது.

இந்த விஷயத்தில் வெட்கம், கூச்சம், "அவங்களுக்கு எதுக்குப் பாரம்" என்ற நினைப்பு எதுவும் வேண்டாம்.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல். அதனால் வீட்டில் யாரும் நம்பவில்லை. நடிக்கிறேன் என்கிறார்கள்.

உடம்பெல்லாம் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா, ஒற்றைத் தலைவலி மாதிரியான பலவற்றில் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் நார்மலாகவே இருக்கும். நார்மல் என்றால் அந்தப் பரிசோதனை தேடியது இல்லை என்று பொருள். வலி இல்லை என்று பொருள் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாள்பட்ட வலி தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது, வேறொரு நோயின் அடையாளமாக மட்டும் இல்லை. வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-இல் வலிக்குத் தன் விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சேர்த்து எழுதியது.

சரி, இதையெல்லாம் மாமியாரிடம் எடுத்துச் சொன்னால் நம்புவாரா? மாட்டார். அவரை அடுத்த தடவை டாக்டரிடம் கூடவே கூட்டிப்போங்கள். நாம் பத்து தடவை சொன்னதை டாக்டர் ஒரு தடவை சொன்னால் ஏறும், அது அநியாயம்தான், ஆனால் வேலை செய்கிறது. உள்ளே போகும் முன் "எங்க அத்தைக்கும் விளங்கும்படி சொல்லுங்க" என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் நம்பாதவர்கள் இருப்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. அவர்களுக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கிற வேலையை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குச் செலவாகிற தெம்பு உங்களுடையது.

கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போய் வந்தேன். "நல்லாத்தானே இருக்கா, இவளுக்கா நோவு?" என்று பேசுகிறார்கள்.

நாள்பட்ட நோவில் நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு. பார்க்கிறவர் உங்கள் நல்ல நாளை மட்டுமே பார்க்கிறார், ஏனென்றால் மோசமான நாளில் நீங்கள் வெளியிலேயே வருவதில்லை. அம்மன் கொடையில் பட்டுச் சேலை கட்டிப் பொங்கலிட்ட படம் எல்லார் போனிலும் இருக்கும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படுத்துக் கிடந்ததற்குப் படம் கிடையாது.

போகாமல் இருக்காதீர்கள். போவதற்கு முன்பே கணக்கைச் சொல்லிவிடுங்கள்: "வருவேன், மதியக் கொடை முடிஞ்சதும் கிளம்பிருவேன், சாமக்கொடைக்கு இருக்க முடியாது." முன்னாலே சொன்னால் அது ஏற்பாடு. பாதியில் எழுந்து போகும்போது சொன்னால் சாக்கு. துஷ்டி வீட்டுக்கும், அதாவது சாவு வீட்டுக்கும், இப்படித்தான். தரையில் உட்கார முடியாதவர் ஒரு நாற்காலி கேட்டால் அங்கே யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், வயசானவர்களுக்குப் போடுவதுதானே.

"எப்படி இருக்கிய?" என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்வதா?

ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கிற அண்ணாச்சிக்கு "இருக்கேன், நீங்க எப்படி இருக்கிய?" போதும். அது பொய் ஆகாது. அவர் கேட்டது வணக்கத்துக்குப் பதிலாக. உட்கார்ந்து, போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

சொன்னால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

குற்றாலத்தில் குளி, முடவாட்டுக்கால் சூப் குடி, அந்த ஊரில் ஒரு வைத்தியர் இருக்கிறார், என் சகலைக்கு மூன்றே பொடியில் குணம். அன்பால் சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் "நீ இன்னும் சரியாகாதது நீ முயற்சி பண்ணாததால்" என்ற பொடி ஒன்றும் சேர்ந்தே வருகிறது.

வாக்குவாதம் வேண்டாம். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பது பாதுகாப்பான பதில். டாக்டர் மேல் பழி போட்டுவிடலாம், அவர் தாங்குவார். சித்த மருத்துவம் பார்க்க விருப்பமிருந்தால் பாளையங்கோட்டையிலேயே 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படித்தவர்களிடம், சீட்டு போட்டு, இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளைச் சொல்லிவிட்டுப் பாருங்கள். பேர் எழுதாத பொட்டலத்தில் வருகிற பொடியை யார் தந்தாலும் சாப்பிட வேண்டாம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது உண்டு. இரண்டு நாளில் வலி பறந்துவிடும், அதற்கான விலையைப் பிறகு எலும்பும் சர்க்கரையும் கொடுக்கும்.

மகன் துபாயில் இருக்கிறான். சொன்னால் அங்கே வேலை ஓடாது. மறைக்கலாமா?

பெற்றவர்கள் எல்லாரும் மறைக்கத்தான் பார்க்கிறார்கள். வீடியோ காலில் வலது கையைத் தூக்கிக் காட்டாமல் சமாளிக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் நான் பேசியபோது அவர்கள் சொன்னது வேறு. நோவு இருப்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் மூலமாகத் தெரிந்ததுதான் அவர்களை அதிகம் உலுக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா "நல்லாருக்கேன்" என்று சொன்னால் நம்புவதே இல்லை, தினமும் மூன்று தடவை போன்.

என் யோசனை: நோய் என்ன, யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த நிலை வந்தால் உன்னைக் கூப்பிடுவேன். இந்த மூன்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். கூப்பிடுகிற எல்லை தெரிந்தால் அவன் அங்கே தூங்குவான். தினசரி வலிக்கணக்கு அவனுக்கு வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளிடம்?

சொல்லுங்கள், சுருக்கமாக. சொல்லாவிட்டால் அம்மா தன்மேல் கோபமாக இருப்பதாகவோ தான் குறும்பு செய்ததால் அம்மாவுக்கு வலி வந்ததாகவோ நினைத்துக்கொள்வார்கள். "அம்மாவுக்கு மூட்டு வலிக்குது. உன்னால வரல. மாத்திரை சாப்பிடுதேன்." ஆறு வயசுக்கு இது போதும். பதினாலு வயசுப் பெண்ணைத் தோழி மாதிரி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டுகிற வழக்கம் சில வீட்டில் இருக்கிறது. அவள் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவள். உங்களுக்குத் தோழி வேண்டும் என்றால் உங்கள் வயசில் தேடுங்கள்.

வயசான அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறான்.

எண்பது வயசு ஆச்சிக்குப் பேரும் ஊரும் தெரிய வேண்டாம். ஆனால் நீங்கள் ஏன் முன்னைப்போல் வந்து தங்குவதில்லை என்று ஒரு காரணம் தெரிய வேண்டும். காரணம் இல்லாவிட்டால் மருமகளோ மருமகனோ விடவில்லை என்று அவர் தானாக முடிவு கட்டிவிடுவார்.

கல்யாணம் பேசும்போது சொல்வதா? சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகிறதே.

தட்டிப்போகும். அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ, அந்த ஒருத்தருக்கு, நிச்சயத்துக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீங்கள் தினமும் மாத்திரை விழுங்குவதை ஒரே அறையில் எத்தனை நாள் மறைப்பீர்கள்? மேலே சொன்ன மெத்தோட்ரெக்சேட்டைக் கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். தெரியாத கணவனோடு இதை எப்படித் திட்டமிடுவீர்கள்?

சட்டமும் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவு, முக்கியமான விவரத்தில் மோசடி செய்து சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கோர இடம் தருகிறது. விஷயம் தெரிந்த 1 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எல்லா நோயையும் மறைத்தது மோசடி ஆகிவிடாது, வழக்கைப் பொறுத்துக் கோர்ட் முடிவு செய்யும். இன்னொன்று: காக்கா வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது என்று இன்றும் சில தரகர்கள் சொல்கிறார்கள். வலிப்பு 1999-இலேயே அந்தச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

எப்படிச் சொல்வது? பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கேசரித் தட்டோடு சொல்ல வேண்டாம். இரண்டு தரப்புக்கும் பிடித்து, ஜாதகமும் பார்த்து, அடுத்த பேச்சுக்கு முன் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் தனியாகப் பேசும்போது சொல்லுங்கள். தரகர் வழியாகச் சொல்லாதீர்கள். அந்தச் சேதி அடுத்த மூன்று வரனுக்கும் முன்கூட்டியே போய்ச் சேரும்.

வேலை பார்க்கிற இடத்தில்?

தேவை இருந்தால் மட்டும், எதற்குத் தேவையோ அவரிடம் மட்டும். கடையில் நின்றுகொண்டே இருக்க முடியாது, ஒரு ஸ்டூல் வேண்டும் என்றால் முதலாளியிடம் அதைச் சொல்லுங்கள். நோயின் வரலாறு அவருக்கு வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா, மனநோய் எல்லாம் அதில் உண்டு. உங்களுடையது வருமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மறைக்கவே கூடாத ஒரு இடம் மருத்துவக் காப்பீட்டுப் படிவம். ஏற்கெனவே உள்ள நோயைச் சொன்னால், 2024-இல் வந்த விதிப்படி அதற்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. மறைத்தது தெரிந்தால், பணம் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் கையை விரிப்பார்கள்.

என்னுடையது மனநோய். இதையும் இப்படியே சொல்லலாமா?

கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கையோடு. நம் ஊரில் "கோட்டி" என்று, பைத்தியத்துக்கு, ஒரு சொல் கிடக்கிறது. விளையாட்டாகவும் சொல்வார்கள், ஒரு ஆளை முடித்துவிடவும் சொல்வார்கள். ஊருக்கான வரியில் நோயின் பேரைச் சேர்க்காமல் "நரம்புக்கு மாத்திரை சாப்பிடுதேன்" என்று பலர் சொல்கிறார்கள். நான் அதில் குறை காணமாட்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கிற உரிமையைத் தருகிறது. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது மருந்தின் பேரும், நிலைமை மோசமாவதன் அறிகுறியும் தெரிய வேண்டும். தூக்கம் கெடுவதா, பேச்சு குறைவதா என்று உங்களுக்கே தெரியும். அதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

வலி தாங்கவில்லை. போய்ச் சேர்ந்துவிடலாம் போல இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

இதற்கு இந்தப் பக்கத்தில் சொன்ன அளவு எதுவும் பொருந்தாது. யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம், இப்போதே சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அரசின் சுகாதார உதவிக்கான 104 எண்ணும் உண்டு. மறுநாள் உங்கள் டாக்டரிடமும் இதே வார்த்தையில் சொல்லுங்கள். வலிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்து மருந்து உண்டு, இந்த நினைப்பே நோவின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அதை வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு அற்பமாக இருக்கும், வயல் உள்ள வீடுகளில் இது முதல் வேலை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

ஆபரேஷன் தேதி, ரத்தம் தேவை மாதிரியான சேதிக்கு அது சரி. மனக்குறைக்குச் சரிப்படாது. நாற்பது பேர் கும்பிடுகிற கை படம் போடுவார்கள், ஒரு சித்தப்பா மஞ்சள் தண்ணீர் வீடியோ போடுவார், அத்தோடு அது அடுத்த பிறந்தநாள் வாழ்த்துக்குக் கீழே போய்விடும். ஸ்டேட்டஸில் பூடகமாக வசனம் போடுவது இன்னும் மோசம். யாரைச் சொல்கிறாய் என்று மூன்று வீட்டில் சண்டை வரும்.

சிநேகிதி ஒருத்தி மெல்ல விலகுகிறாள். நான் அதிகம் சொல்லிவிட்டேனோ?

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது. ஒரு தடவை போன் செய்து நோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அவள் கதையை மட்டும் கேளுங்கள். அவள் மகனுக்கு எந்தக் காலேஜ் கிடைத்தது, வீடு கட்டுகிற வேலை எதுவரை வந்தது. திரும்ப வந்தால் அலுப்புதான் காரணம், சரிசெய்யலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒருத்தியிடமே எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பதும் நல்லது. மருந்து பற்றிப் பேச அதே நோய் உள்ள ஒருத்தி, சிரிக்க ஒருத்தி, அழ ஒருத்தி என்று பிரிந்தால் யாருக்கும் பாரம் இல்லை. ஒரே நோய்க்காரர்கள் சேர்ந்தால் ஒரு ஆபத்து உண்டு: யாருக்கு வலி அதிகம் என்ற போட்டி. அந்தப் பேச்சு ஆரம்பித்தால் நான் டீ குடிக்க எழுந்துவிடுவேன்.

நோவு எனக்கு இல்லை, என் மைனிக்கு. அவள் எதையும் சொல்வதில்லை. நான் எப்படிக் கேட்பது?

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று கேட்காதீர்கள். அவள் சொல்லமாட்டாள். உதவி கேட்பதே அவளுக்கு ஒரு வேலை. நீங்கள் எப்படியும் செய்யப்போகிற ஒன்றோடு அவளுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ரேஷன் கடைக்குப் போறேன், உங்க கார்டையும் தாங்க." "மாவு ஆட்டப்போறேன், உங்க அரிசியையும் ஊறப்போடுங்க." "செவ்வாக்கிழமை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு உங்களோட நானும் வாரேன், வீட்ல எனக்கும் போரடிக்குது." மூன்றாவது தடவை மாவுத் தூக்கை வாங்கும்போது அவளாகவே ஏதாவது சொல்லக்கூடும். சொன்னால் கேளுங்கள், உங்கள் நாத்தனாருக்கு வந்த வலியின் கதையை அப்போது எடுக்க வேண்டாம். சொல்லாவிட்டாலும் மாவு ஆட்டியாகிவிட்டது.